ஊர்ப்பெயர் ஈற்றுத் திரிபும் வரலாற்றுச் சான்றும்: கிராண்ட்செஸ்டர் சிற்றூரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தில் அமைந்துள்ள கிராண்ட்செஸ்டர் என்னும் சிற்றூரின் அமைவிடத்தையும் பெயர்த் தோற்றத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது. இன்றைய பெயரின் ஈறு உரோமானியக் கோட்டை நகரைக் குறிப்பது போலத் தோன்றினும், 1086ஆம் ஆண்டு ஆவணம் அதற்கு மாறான வடிவத்தைத் தருகிறது. கி.பி. எட்டாம் நூற்றாண்டு வரலாற்று நூலொன்று இதே பெயரால் சுட்டும் இடமோ வேறோர் ஊராகும். பெயரின் இன்றைய வடிவத்தை மட்டும் கொண்டு வரலாறு எழுதினால் நேரக்கூடிய பிழையை இவ்வூரின் வழி இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச் சொற்கள்: ஊர்ப்பெயராய்வு, பொதுக்கூறு, சிறப்புக்கூறு, ஈற்றுத் திரிபு, பின்னாக்கம், பழைய ஆங்கிலம், டூம்ஸ்டே நூல்.

முன்னுரை

ஊர்ப்பெயர் ஒன்றைச் சிறப்புக்கூறு, பொதுக்கூறு என இரண்டாகப் பகுத்துப் பொருள் காண்பது ஊர்ப்பெயராய்வின் அடிப்படை முறையாகும். பொதுக்கூறு ஊரின் தன்மையைக் கூறும். சிறப்புக்கூறு அதனை ஏனைய ஊர்களினின்றும் வேறுபடுத்தும். இம்முறை பயன் தருவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. பகுக்கப்படும் வடிவம் பெயரின் தொன்மையான வடிவமாக இருத்தல் வேண்டும். காலப்போக்கில் ஈறு திரிந்து வேறொரு பொதுக்கூறாக மாறியிருப்பின், பகுப்பு எவ்வளவு ஒழுங்காக அமையினும் முடிவு பிழையாகவே இருக்கும்.

இக்கருத்தை விளக்கக் கிராண்ட்செஸ்டர் தக்க எடுத்துக்காட்டாகும். பெயரைக் கேட்ட அளவிலேயே பொருள் சொல்லிவிடலாம் என்ற துணிவை அது தருகிறது. கிராண்டா என்பது ஆறு. செஸ்டர் என்பது கோட்டை நகர். ஆகவே இது கிராண்டா ஆற்றங்கரைக் கோட்டை நகர் என்பது எளிதில் தோன்றும் விளக்கம். இவ்விளக்கம் ஏன் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

எழுத்துப்பெயர்ப்பு குறித்து ஒன்று கூறுதல் வேண்டும். தமிழ் எழுத்து முறையில் சகரம் இடத்திற்கேற்ப வல்லொலியாகவும் உரசொலியாகவும் ஒலிக்கும். ஆனால் இங்கு ஆராயப்படும் பெயர் வரலாறே அவ்விரண்டு ஒலிகளின் மயக்கத்தைச் சார்ந்தது. எனவே ஆராயப்படும் பெயர் வடிவங்களில் மொழிமுதலில் 'பச்சை' என்பதிற் போல ஒலிக்கும் வல்லொலி சகரத்தாலும், உரசொலி ஸகரத்தாலும் குறிக்கப்படுகின்றன.

அமைவிடம்

கிராண்ட்செஸ்டர், கேம்பிரிட்ஜ் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்துள்ளது. ஆற்றுக்கு அப்பால், கிழக்குக் கரைப் பக்கத்தில் டிரம்பிங்டன் உள்ளது. ஊருக்கும் நகருக்கும் இடையே ஆற்றை ஒட்டிப் பரந்து கிடக்கும் புல்வெளிகள் கிராண்ட்செஸ்டர் புல்வெளிகள் எனப்படும். ஆறு ஊரைக் கடந்து வடக்கு நோக்கிக் கேம்பிரிட்ஜுக்குள் புகுந்து, ஈலி நகருக்குத் தெற்கே கிரேட் ஊஸ் என்னும் பேராற்றுடன் கலக்கிறது. ஈலியைச் சூழ்ந்த நிலம் முற்காலத்தில் சதுப்பு நிலமாக இருந்தது. கல் கிடைப்பதற்கு அரிதான அந்நிலத்திற்கு ஆறே வழியாகவும் பயன்பட்டது. இந்நில அமைப்பு பின்னர் ஆராயப்படும் வரலாற்றுச் சான்றுக்கு இன்றியமையாதது.

ரூபர்ட் புரூக் இவ்வூரில் வாழ்ந்தவர். அவர் 1912இல் பெர்லினில் இருந்தவாறு இவ்வூரை நினைந்து எழுதிய கவிதை இவ்வூர்ப் பெயரை ஆங்கில இலக்கிய உலகெங்கும் பரப்பியது. ஆயினும் அப்பெயரின் வரலாறு அக்கவிதைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டது.

கிராண்டா என்னும் ஆற்றுப்பெயர்

பெயரின் முதற்கூறாகிய கிராண்டா குறித்து ஐயத்திற்கு இடமில்லை. அது ஆற்றின் பழம்பெயர். ஆங்கில மொழி பேசுவோர் இத்தீவில் குடியேறுவதற்கு முன்னரே வழங்கிய பெயர் என்பது அறிஞர் கருத்து. எய்லர்ட் எக்வால் 1928இல் வெளியிட்ட ஆங்கில ஆற்றுப்பெயர்கள் பற்றிய நூல், இங்கிலாந்தின் ஆற்றுப்பெயர்களுள் பல இவ்வாறு முற்பட்ட மொழிகளினின்று எஞ்சியவை என்பதை விரிவாகக் காட்டியது. தேம்ஸ், டிரென்ட், ஏவன் ஆகியன அத்தகையன. ஏவன் என்பதன் பொருளே கெல்டிய மொழியில் ஆறு என்பதுதான். குடிகள் மாறினும், ஆட்சி மாறினும், ஊர்ப்பெயர்கள் புதியனவாக அமையினும், பேராறுகளின் பெயர்கள் நிலைத்து நிற்கும் இயல்பின.

இவ்வாற்றின் மற்றொரு கிளை ரீ எனப்படுகிறது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் ஆஷ்வெல்லில் தோன்றும் இக்கிளையின் பெயர் சொற்புணர்ச்சியைப் பிழையாகப் பிரித்ததனால் உண்டானது. 'ஆற்றின்கண்' என்னும் பொருள்படும் இடைக்கால ஆங்கிலத் தொடரில், முன்னிருந்த சொல்லின் ஈற்று ரகரம் பின்னிருந்த ஆற்றைக் குறிக்கும் சொல்லுடன் ஒட்டியது. அவ்வாறு பிறந்த ரீ என்னும் புதுச்சொல் ஆற்றின் பெயராயிற்று. ஒரே ஆற்றின் ஒரு கிளைப்பெயர் மிகத் தொன்மையானதாகவும் மற்றொன்று புணர்ச்சிப் பிழையால் பிறந்ததாகவும் இருப்பது, ஒவ்வொரு பெயரையும் தனித்தே ஆராய வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

பீட் அடிகள் கூறும் கிராண்டாசெஸ்டிர்

நார்தம்பிரியத் துறவி பீட் 731இல் நிறைவு செய்த ஆங்கிலேயர் திருச்சபை வரலாறு என்னும் இலத்தீன் நூலின் நான்காம் பகுதியில் ஒரு நிகழ்ச்சி இடம்பெறுகிறது. ஈலி மடத்தை நிறுவிய எத்தல்திரித் அரசியார் 679இல் மறைந்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து அவருடைய எலும்புகளை எடுத்துக் கற்பேழையில் வைத்துத் தேவாலயத்தினுள் அடக்கம் செய்ய, அவருக்குப்பின் மடத்தலைவியாக விளங்கிய அவருடைய தமக்கை செக்ஸ்பர்க் விரும்பினார். ஈலி நீராலும் சதுப்பு நிலத்தாலும் சூழப்பட்டிருந்தமையால் அங்குப் பெருங்கற்கள் இல்லை. ஆகவே துறவியர் சிலர் படகேறிக் கல் தேடிச் சென்றனர். அவர்கள் தொலைவில்லாத ஓர் இடத்தில், பாழடைந்து கிடந்த சிறு நகர் ஒன்றை அடைந்தனர். ஆங்கிலேயர் அதனைக் கிராண்டாசெஸ்டிர் என்று வழங்கினர். அதன் மதில்களின் அருகே வெண்சலவைக் கல்லால் ஆன, மூடியோடு கூடிய அழகிய பேழை கிடைத்தது.

இக்குறிப்பில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. அவ்விடம் படகில் செல்லத்தக்கது. அது மதில் சூழ்ந்த நகராய் இருந்தது. எழுதப்பட்ட காலத்துக்கு முன்னரே மக்கள் கைவிட்ட இடமாக இருந்தது. பெயரின் ஈறாகிய செயஸ்டர் என்னும் பழைய ஆங்கிலச் சொல், இலத்தீன் காஸ்ட்ரா என்பதன் வழிவந்தது. உரோமானியர் கட்டிய மதில் சூழ்ந்த நகர்களையும் படைத்தளங்களையும் ஆங்கிலேயர் இச்சொல்லால் குறித்தனர். மான்செஸ்டர், வின்செஸ்டர், லங்காஸ்டர், லெஸ்டர், குளோஸ்டர் ஆகியவற்றின் ஈறுகள் இச்சொல்லின் பல்வேறு வடிவங்களே.

இன்றைய சிற்றூரின் பெயரும் பீட் தரும் பெயரும் ஏறக்குறைய ஒன்றே. எனவே பாழடைந்த அந்நகர் இன்றைய கிராண்ட்செஸ்டர் இருக்கும் இடத்திலேயே இருந்தது என்று முற்காலத்தில் எண்ணப்பட்டது இயல்பே. ஆனால் நிலவியல் சான்று அதற்குத் துணை நிற்கவில்லை. மதில் சூழ்ந்த உரோமானிய நகரின் எச்சங்கள் கேம்பிரிட்ஜின் கோட்டைக் குன்றில், ஆற்றின் வடமேற்குக் கரையில் காணப்பட்டன. நான்காம் நூற்றாண்டில் அந்நகருக்கு மதில் எழுப்பப்பட்டது. உரோமானியர் காலத்தில் டியூரோலிபோன்டெ என வழங்கியது அந்நகரே என அடையாளம் காணப்பட்டுள்ளது. பின்னர் 1068இல் முதலாம் வில்லியம் தம் கோட்டையை எழுப்பியதும் அக்குன்றின்மீதே. ஈலியிலிருந்து ஆற்றை எதிர்த்துப் படகில் வருவோர் முதலில் எய்துவதும் அவ்விடமே. கிராண்ட்செஸ்டர் அதற்கும் மேலே உள்ளது. ஆகவே பீட் கூறிய கிராண்டாசெஸ்டிர் என்பது இன்றைய கேம்பிரிட்ஜ் நகரின் தொன்மைப் பகுதியாகும்.

நகரின் பெயர் மாறிய வரலாறு

நகரின் பெயர் கிராண்டாசெஸ்டிர் எனில், அது கேம்பிரிட்ஜ் ஆனது எவ்வாறு என்ற வினா எழுகிறது. ஆங்கிலோ-சாக்ஸன் ஆண்டுக் குறிப்பேடு 875ஆம் ஆண்டு நிகழ்ச்சியில், குத்ரும் முதலிய டேனியத் தலைவர் மூவர் பெரும்படையுடன் கிராண்டெபிரிட்ஜ் என்னும் இடத்திற்கு வந்து ஓராண்டு தங்கினர் என்று கூறுகிறது. இங்குப் பொதுக்கூறு மாறிவிட்டது. பாழான கோட்டை நகரைச் சுட்டிய செயஸ்டர் நீங்கி, பாலத்தைச் சுட்டும் பிரிட்ஜ் வந்துள்ளது. மதில் இடிந்த நகரை விட ஆற்றைக் கடக்கும் பாலமே அவ்விடத்தின் அடையாளமாயிற்று என்பதனை இம்மாற்றம் காட்டுகிறது.

நார்மானியர் ஆட்சிக்குப் பின்னர் முதற்கூறும் திரியத் தொடங்கியது. கிராண்டெபிரிட்ஜ் என்பதில் ஒன்றையடுத்து மற்றொன்றாக இரு ரகரங்கள் உள்ளன. பிரெஞ்சு நாவழக்கில் முதல் ரகரம் மறைந்து, மொழிமுதல் ககர ஒலியும் வன்மை பெற்றது. இவ்வாறு கான்டெபிரிட்ஜ் என்னும் வடிவம் தோன்றியது. பதினான்காம் நூற்றாண்டில் சாசர் கையாண்ட வடிவம் இதுவே. பல்கலைக்கழகத்தின் இலத்தீன் பெயராகிய கான்டபிரிஜியாவும், பட்டங்களுக்குப் பின் எழுதப்படும் 'கான்டப்' என்னும் சுருக்கமும் இவ்வடிவத்தை இன்றளவும் காத்து வருகின்றன. பின்னர் இடையுயிர் கெட, பகரத்தின் முன்னின்ற மெல்லினம் மகரமாக ஓரினமாயிற்று. கேம்பிரிட்ஜ் என்னும் வடிவம் அதன் விளைவு.

இதன் அடுத்த கட்டம் வியப்புக்குரியது. நகரின் பெயர் கேம்பிரிட்ஜ் ஆகிவிட்ட பின்னர், அது 'கேம்' ஆற்றின்மீதுள்ள பாலம் எனப் பொருள் கொள்ளப்பட்டு, ஆற்றுக்கே கேம் என்னும் புதுப்பெயர் வழங்கலாயிற்று. 1637இல் மில்டன் இயற்றிய இரங்கற்பாவில் ஆற்றுத் தெய்வம் கேமஸ் என்னும் பெயரால் தோன்றுவது, அக்காலத்தில் இப்பெயர் நிலைபெற்றுவிட்டதைக் காட்டும். ஊர்ப்பெயரிலிருந்து ஆற்றுப்பெயரை இவ்வாறு உருவாக்குவதைப் பின்னாக்கம் எனலாம். செல்ம்ஸ்ஃபோர்டிலிருந்து செல்மர், ஆரண்டலிலிருந்து ஆரன் ஆகிய ஆற்றுப்பெயர்களும் இம்முறையில் தோன்றியவையே. கேம்பிரிட்ஜில் ஆங்கிலோ-சாக்ஸன் மொழிப் பேராசிரியராக விளங்கிய வால்டர் ஸ்கீட், இவ்வொலி மாற்றங்களை நிரல்பட விளக்கி, ஆற்றினால் நகர் பெயர் பெறவில்லை, நகரினாலேயே ஆறு கேம் என்னும் பெயரைப் பெற்றது என்பதை நிறுவினார்.

சிற்றூரின் பெயர்: டூம்ஸ்டே சான்று

நகர் தன் பழம்பெயரை இழந்தது. அப்பெயர் தெற்கே உள்ள சிற்றூருக்கு இடம்பெயர்ந்ததா? அவ்வாறு கொள்வதற்கு ஆவணம் இடந்தரவில்லை. 1086இல் முதலாம் வில்லியத்தின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட நில அளவைப் பதிவேடாகிய டூம்ஸ்டே நூலில் இச்சிற்றூர் கிராண்டெஸேட்டா எனப் பதிவாகியுள்ளது. இங்கு ஈறு செயஸ்டர் அன்று. ஸேட்டெ என்னும் வேறொரு பழைய ஆங்கிலச் சொல்.

ஸேட்டெ என்பது 'குடியிருப்போர்' என்னும் பொருள்படும் பன்மைச் சொல். அது முதலில் நிலத்தைக் குறிக்கவில்லை, மக்களையே குறித்தது. மக்களின் பெயர் பின்னர் அவர்கள் வாழ்ந்த நிலத்துக்கு ஆகிவந்தது. டோர்செட், சாமர்செட் ஆகிய மாவட்டப் பெயர்களின் ஈறும் இதுவே. ஆங்கிலோ-சாக்ஸன் குடிகளின் நில அளவுகளைப் பட்டியலிடும் பழைய ஆவணம் ஒன்றில், பீக் மலைப்பகுதியில் வாழ்ந்தோர் பெக்ஸேட்டெ எனவும், ஆரோ ஆற்றங்கரையில் வாழ்ந்தோர் ஆரோஸேட்டெ எனவும் குறிக்கப்படுகின்றனர். ஆற்றுப்பெயரோடு ஸேட்டெ சேர்ந்து குடிப்பெயர் அமைவதற்கு ஆரோஸேட்டெ நேரிய ஒப்புமையாகும். ஆகவே கிராண்டெஸேட்டா என்பதன் பொருள் 'கிராண்டா ஆற்றங்கரைக் குடிகள்' என்பதாம். பி.எச். ரேனி தொகுத்து, ஆங்கில ஊர்ப்பெயர்க் கழகம் 1943இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ்ஷயர் ஊர்ப்பெயர் நூலும் பிற்கால அகராதிகளும் இவ்விளக்கத்தையே மேற்கொள்கின்றன.

டூம்ஸ்டே எழுத்தர் செயஸ்டரைத் தவறாக எழுதியதே இவ்வடிவம் என மறுப்பு எழலாம். அதற்கு விடை அந்நூலிலேயே உள்ளது. கேம்பிரிட்ஜுக்கு வடமேற்கே அமைந்த காட்மன்செஸ்டர் உண்மையான உரோமானிய நகர். டூம்ஸ்டே நூலில் அது காட்முண்ட்ஸெஸ்ட்ரெ என வருகிறது. நார்மானிய எழுத்தர் செயஸ்டரின் முதலொலியைத் தம் வழக்கிற்கேற்ப ஸகரமாக ஒலித்த போதிலும், அதன் இடையில் வரும் ஸகர-டகர-ரகரக் கூட்டை விடவில்லை. கிராண்டெஸேட்டாவில் அக்கூட்டு இல்லை. அருகருகே அமைந்த இரண்டு பகுதிகளின் ஊர்ப்பெயர்களில் இவ்வேறுபாடு பேணப்பட்டிருப்பதால், அதனை எழுத்துப் பிழை எனத் தள்ளுதல் பொருந்தாது.

ஸேட்டெ செஸ்டர் ஆன முறை

பிற்காலத்தில் ஸேட்டெ என்பது செஸ்டர் ஆனதற்கு ஒலியும் ஒப்புமையும் ஆகிய இரு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது ஒலிக்காரணம். ஆங்கிலத்தில் பெயரின் முதலசை அழுத்தம் பெறும், ஈற்றசை மெலியும். ஸேட்டெ மெலிந்து குறுகியபோது அதன் வடிவத் தெளிவு குன்றியது. மறுபுறம் நார்மானிய வழக்கால் செயஸ்டரும் பல ஊர்ப்பெயர்களில் ஸகர முதலொலி பெற்று, ஸெஸ்டர் எனக் குறுகியது. வேறுபட்ட இரு சொற்கள் ஒலியளவில் நெருங்கின. மேலும் கிராண்டா என்பதன் ஈற்றுயிர் கெட்டபின், டகரமும் ஸகரமும் அடுத்தடுத்து வந்து சகர வல்லொலிக்கு அண்மையான கூட்டொலியைத் தந்தன.

இரண்டாவது ஒப்புமைக் காரணம். ஸேட்டெ என்னும் சொல் இடைக்கால ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக வழங்காது ஒழிந்தது. பொருள் மறந்த ஈற்றை மக்கள் தாம் அறிந்த ஈற்றோடு இணைத்துக் கொள்வது மொழியியல்பு. இங்கிலாந்தெங்கும் பரவியிருந்த செஸ்டர் ஈறு அதற்கு ஆயத்தமாக இருந்தது. சொற்களில் நிகழும் இத்தகைய மாற்றம் மக்கள் சொற்பிறப்பு எனப்படும். பீட் அடிகளின் நூல் இடைக்காலம் முழுவதும் படியெடுக்கப்பட்டுப் பரவலாகப் பயிலப்பட்டது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அந்நூலில் கிராண்டாசெஸ்டிர் என்பதைக் கண்ட கற்றோருக்கு, அருகிலிருந்த சிற்றூரின் பெயர் அதுவே எனத் தோன்றியிருத்தல் கூடும்.

பெயரை நம்பிய வரலாறு

இத்திரிபின் விளைவு மொழியளவில் நின்றுவிடவில்லை. சிற்றூரின் பெயர் செஸ்டர் என முடிந்தமையால், இல்லாத உரோமானிய நகர் ஒன்று அங்கே இருந்ததாகக் கருதப்பட்டது. பீட் கூறிய வெண்சலவைக் கற்பேழை எடுக்கப்பட்ட இடமும் அவ்வூருக்கு உரித்தாக்கப்பட்டது. இதற்கு இணையான மற்றொரு பிழை நகரின் பெயரால் நேர்ந்தது. உரோமானியர் காலப் பயணவழிப் பட்டியலில் காம்போரிட்டம் என்னும் இடம் வருகிறது. ஒலியொப்புமையை நம்பி முற்கால அறிஞர் பலர் அதனைக் கேம்பிரிட்ஜ் எனக் கொண்டனர். ஆனால் கேம் என்னும் முதற்கூறு நார்மானியர் வருகைக்குப் பல தலைமுறைகளுக்குப் பின்னரே தோன்றியது. உரோமானியர் காலத்துப் பெயரோடு அதற்குத் தொடர்பு இருக்க இயலாது. காம்போரிட்டத்தை இன்றைய ஆய்வாளர் கேம்பிரிட்ஜுக்கு வடகிழக்கே தேடுகின்றனர்.

இவ்விரு பிழைகளும் ஒரே தன்மையன. பிற்கால வடிவத்தை முற்காலச் சான்றாகக் கொண்டமையே இரண்டிற்கும் காரணம். திருத்தம் கிடைத்ததும் ஒரே வழியில்தான்: ஒவ்வொரு பெயரின் ஆவண வடிவங்களையும் கால வரிசையில் அடுக்கி, எந்த வடிவம் எந்த நூற்றாண்டுக்கு உரியது எனக் கண்டபோது பிழை வெளிப்பட்டது.

முடிவுரை

கிராண்ட்செஸ்டர் என்னும் பெயர் மூன்று அடுக்குகளால் ஆனது. அதன் அடியில் இருப்பது ஆங்கிலத்துக்கு முற்பட்ட ஆற்றுப்பெயர். அதன்மேல் அமைந்தது ஆற்றங்கரையில் குடியேறிய மக்களைச் சுட்டும் பழைய ஆங்கிலச் சொல். அதனையும் மூடி நிற்பது இடைக்காலத்தில் ஒட்டிய செஸ்டர் என்னும் ஈறு. கண்ணுக்கு முதலில் தெரியும் அடுக்கே காலத்தால் பிந்தியது. உண்மையில் செயஸ்டர் ஈற்றைக் கொண்டிருந்த நகர் அதனை இழந்து பாலத்தின் பெயரால் வழங்குகிறது. கோட்டையே இல்லாத சிற்றூர் அவ்வீற்றைத் தாங்கி நிற்கிறது.

எனினும் திரிந்த பெயர் சான்றாகாது என ஒதுக்குவதும் சரியன்று. கிராண்டெஸேட்டா என்னும் வடிவம் உரோமானிய நகரைப் பற்றி ஒன்றும் கூறவில்லையாயினும், ஆற்றின் பெயரால் தம்மை அடையாளப்படுத்திக் கொண்ட குடியினர் அங்கு வாழ்ந்தனர் என்பதைக் கூறுகிறது. அரசர், மடத்தலைவியர், படைத்தலைவர் பற்றிய குறிப்புகளே மிகுந்த அக்கால ஆவணங்களில் இடம்பெறாத அம்மக்களுக்குத் தம் ஊர்ப்பெயரே எஞ்சிய பதிவாகும். செஸ்டர் என்னும் ஈற்றை ஏற்று இல்லாத நகரொன்றைத் தேடுவோர் இழப்பது இப்பதிவையே. கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் காணும் ஊர்ப்பெயர்களை ஆராய்வோரும், பகுப்பில் இறங்குமுன் அப்பெயரின் மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேடுதல் வேண்டும் என்பதே இவ்வூர் தரும் முறையியல் முடிவு.